வளைவில் ஓடுகிறவன்

ஷேக் அலாவுதீனுக்குச் சந்திரசேகரனின் முகத்தைவிட அவனுடைய காலடிச் சத்தம்தான் அதிகப் பழக்கம். ரிலே ஓட்டத்தில் கடைசி ஆளாக நிற்கிறவனுக்கு அப்படித்தான் அமையும். மூன்றாவது ஆள் கோலைப் பிடித்துக்கொண்டு வளைவில் ஓடி வருவான். கடைசி ஆள் முன்னே பார்த்தபடி ஓடத் தொடங்கி, "இந்தா!" என்று குரல் வந்ததும் கையைப் பின்னால் நீட்டிக் கோலை வாங்க வேண்டும். மற்றப் பள்ளிக்கூடத்துப் பையன்கள், வருகிறவன் நெருங்கும்வரை கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அலாவுதீன் அதையும் செய்ய மாட்டான். காதை நம்பி ஓடுவான். அதில் அவனுக்குக் கொஞ்சம் திமிர் என்றே சொல்ல வேண்டும்.

அந்தத் திமிருக்குக் காரணம், மூன்றாவது ஆளாக ஓடி வரும் சேகர்தான். சேகர் வலது காலைச் சற்று அழுத்தி வைப்பான். பாடாங் என்கிற கடலோர மைதானத்துப் புல்தரையில் எத்தனை பேர் வெறுங்காலோடு ஓடினாலும் அந்த ஒரு காலை அலாவுதீன் தனியே பிரித்துக் கேட்பான். கோலைக் கையில் வைத்ததும் சேகர் கட்டைவிரலால் மணிக்கட்டில் ஒரு தட்டுத் தட்டுவான். இனி உன் பாடு என்று அதற்குப் பொருள். ஒருவன் சூலியா வீதியில் கைலிக் கடை வைத்திருக்கும் சீனி முகம்மதுவின் மகன். மற்றவன் ஆர்கைல் ரோட்டில் துணி தைத்துப் பிள்ளைகளை வளர்க்கும் குணவதியம்மாளின் மூத்த மகன். ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு, இரண்டு பேருக்கும் ஒரே ஆசை. வட மாநிலப் பள்ளிக்கூடங்கள் எல்லாம் கூடுகிற வருஷப் போட்டியில் ஜெயித்தவர்களுக்குக் கொடுக்கும் கேடயத்தைப் பினாங்குக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். அதுவோ பல வருஷமாகப் பேராக்குக்காரர்களின் பள்ளிச் சுவரில், அவர்கள் பாட்டன் சொத்துப்போல மாட்டிக் கிடந்தது.

1934இல் எல்லாம் கூடி வந்தது. சேகர்தான் இல்லாமல் போனான். போட்டிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது விஷக்காய்ச்சல் கண்டது. பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பதினெட்டு வயசுப் பிள்ளை, ஒரு வாரம் தாங்கவில்லை.

பத்து லஞ்சாங் சுடுகாட்டுக்கு அலாவுதீனும் போனான். தகப்பன் இல்லாத வீடு என்பதால் தம்பி அய்யாக்கண்ணுதான் கொள்ளி வைத்தான். வைத்ததும், "திரும்பிப் பாக்காம போங்கப்பா" என்று யாரோ ஒரு பெரியவர் குரல் கொடுத்தார். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு வண்டிப்பாதையைப் பார்த்து நடக்கத் தொடங்கினார்கள். அலாவுதீனுக்கு மனம் கேட்கவில்லை.

அவன் பார்த்து வளர்ந்த வழக்கம் வேறு. அவனுடைய ஆட்கள் மையத்தை, அதாவது பிணத்தை, மண்ணில் அடக்கிய பிறகு, பள்ளிவாசல் லெப்பை கபுர்க் குழியின் தலைமாட்டில் உட்கார்ந்து, இறந்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசுவார். நீ இறந்துவிட்டாய், பயப்படாதே, உன்னிடம் கேள்வி கேட்பார்கள், இன்ன பதில் சொல் என்று எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் எழுந்து வருவார். தல்கீன் ஓதுவது என்று அதற்குப் பெயர். இங்கே சேகரிடம் ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நெருப்பில் போட்டுவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு போகிறார்களே, இதென்ன ஈவிரக்கம் இல்லாத வேலை என்று அவனுக்குப் பட்டது. வழியனுப்பி வைப்பதற்கு ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு முறை உண்டு, அங்கே பாதி இங்கே பாதி எடுத்து ஒட்டக் கூடாது என்பதெல்லாம் அந்த வயசில் யாருக்குத் தோன்றும்? அவன் நின்றான். திரும்பினான். எரிகிற சிதையை நேராகப் பார்த்தான்.

"சேகரு, போட்டிக்கு வந்துடுடா. நீ இல்லாம நான் யாருகிட்ட கோல் வாங்குவேன்? கட்டாயம் வந்துடு."

லெப்பை முதலில் சொல்கிற வார்த்தையை, நீ இறந்துவிட்டாய் என்பதை, அவன் சொல்லவில்லை. அதை நம்ப அவனுக்கே மனம் வரவில்லை. முன்னால் போய்க்கொண்டிருந்த அய்யாக்கண்ணு ஒரு கணம் தயங்கி நின்றான். ஆனால் திரும்பாமல் நடந்தான்.

விளையாட்டுப் பொறுப்பில் இருந்த தங்கராஜு மாஸ்டர் காலி இடத்துக்கு அய்யாக்கண்ணுவைப் போட்டார். அண்ணனுக்குத் தம்பி சரியாக இருப்பான் என்பது அவர் எண்ணம். குணவதியம்மாள் பள்ளிக்கூடத்துக்கே வந்து, "இவனையாவது எனக்கு விட்டு வைங்க சார்" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். ஓடினால் யாரும் செத்துப்போக மாட்டார்கள் என்று மாஸ்டர் சமாதானம் சொன்னார். அவள் அதைக் காதில் வாங்கவே இல்லை. அலாவுதீன்தான் பக்கத்தில் போய், "நான் பாத்துக்கிறேம்மா. எனக்கும் தம்பிதானே" என்றான். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் சம்மதித்தாள்.

அய்யாக்கண்ணுவுக்கு ஓட வராது என்று சொல்ல முடியாது. அண்ணனைப்போல வராது, அவ்வளவுதான். கோலை மேலிருந்து கீழாக, ஆணி அடிக்கிற மாதிரி வைப்பான். பாதி நாள் அது தரையில் விழும். "இந்தா" என்பதும் மூச்சிரைப்பில் பாதி முழுங்கிப்போய்தான் வரும். அலாவுதீன் எரிந்து விழுவான். "ஒங்க அண்ணன் இப்படியாடா வைப்பான்?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பான். பையன் எதிர்த்துப் பேச மாட்டான். கோலைப் பொறுக்கிக்கொண்டு மறுபடியும் வளைவுக்கு நடப்பான்.

அப்புறம் ஒரு சாயங்காலம். கடலில் தண்ணீர் வற்றிச் சேற்று வாடை வீசிக்கொண்டிருந்தது. அலாவுதீன் வழக்கம்போல முன்னே பார்த்து நின்றான். வளைவில் காலடி கேட்டது. வலது கால் அழுத்தமாக விழுந்தது. அவன் யோசிப்பதற்கு முன்பே அவன் உடம்பு ஓடத் தொடங்கிவிட்டது. "இந்தா!" என்ற குரல் காதோரத்தில் தெளிவாக வந்தது. கையை நீட்டினான். கோல் கீழிருந்து மேலாக வந்து உள்ளங்கையில் உட்கார்ந்தது. மணிக்கட்டில் ஒரு தட்டு விழுந்தது.

முழு தூரமும் ஓடித்தான் நின்றான். திரும்பினால், அய்யாக்கண்ணு கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு வளைவின் முடிவில் நிற்கிறான்.

"எப்படிடா அப்படி வச்ச?"

"எப்படிண்ணே?" பையன் விழித்தான். "வளைவுல ஓட ஆரம்பிச்சது ஞாபகம் இருக்கு. அப்புறம் பாத்தா கோலு ஒங்க கையில இருக்கு."

பினாங்கு வெக்கையில் சும்மா நின்றாலே சட்டை நனையும். ஓடி வந்த அய்யாக்கண்ணுவின் நெற்றியில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. அலாவுதீன் அவன் கையைத் தொட்டுப் பார்த்தான். விடியற்காலையில் கிணற்றிலிருந்து தூக்கிய வாளியைத் தொட்டதுபோல இருந்தது.

மாஸ்டருக்கு இதெல்லாம் கண்ணில் படவில்லை. கையில் இருந்த ஸ்டாப் வாட்ச்தான் பட்டது. "அப்படிப் போடு! கேடயம் நமக்குத்தான்லா!" என்று பெரிய மனுஷர் சின்னப் பிள்ளைபோலக் குதித்தார்.

அன்று முதல் ஒவ்வொரு சாயங்காலமும் அப்படித்தான் நடந்தது. கோல் ஒரு நாளும் கீழே விழவில்லை. பையன் மட்டும் இளைத்துக்கொண்டே வந்தான். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், வகுப்பில் உட்கார்ந்தபடியே தூங்கினான். என்ன நடக்கிறது என்று அலாவுதீனுக்குத் தெரியாமல் இல்லை. கூப்பிட்டவன் அவன்தானே. தெரிந்துகொண்டே வாயை மூடிக்கொண்டிருந்தான். இன்னும் வெட்கக்கேடு, அவன் சந்தோஷமாகவும் இருந்தான். பின்னால் சேகர் வருகிறான் என்ற நினைப்பில் அவனுக்கு நெஞ்சு நிறைந்தது. அந்தச் சந்தோஷத்துக்கு இன்னொருவன் உடம்பு கரைகிறது என்பதை அவன் பார்க்க விரும்பவில்லை.

போட்டிக்கு முந்தின வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து ஆர்கைல் ரோட்டுக்குப் போனான். குணவதியம்மாள் வாசலிலேயே அவனை நிறுத்தி, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இவன் முன்ன மாதிரி இல்ல தம்பி. தின்னுறான், ஒடம்புல ஒட்டல. தூக்கத்துல காலு ஓடுது. நடையே மாறிப் போச்சு. சாயங்காலம் படியேறி வர்றப்ப அப்படியே சேகரு வர்ற மாதிரி இருக்கு."

"பயமா இருக்காம்மா?"

அவள் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைச் சுருட்டினாள், விரித்தாள். "எனக்கு அது புடிச்சிருக்கு தம்பி. அதான் பயமா இருக்கு."

அலாவுதீன் அங்கிருந்து நேரே மாஸ்டர் வீட்டுக்குத்தான் கிளம்பினான், அய்யாக்கண்ணுவை நீக்கிவிடச் சொல்வதற்கு. பாதி வழி போனான். டிராம் தண்டவாளத்தைத் தாண்டும்போது சுவரில் மாட்டிய அந்தக் கேடயம் கண் முன்னால் வந்தது. இன்னும் ஒரே ஒரு ஓட்டம்தானே, அதில் என்ன ஆகிவிடப் போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினான்.

போட்டி நாளில் பாடாங் நிரம்பி வழிந்தது. துரைமார்கள் கூடாரத்து நிழலில் நாற்காலி போட்டுக்கொண்டார்கள். மற்றவர்கள் வெயிலில் நின்றார்கள். அவர்கள்தான் அதிகமாகக் கத்தினார்கள். சுங்கை பட்டாணியிலிருந்து வந்த நெட்டைப் பையன் ஒருவன் உயரம் தாண்டுவதில், தன் தலைக்கு மேல் இருந்த கம்பை அலட்சியமாகத் தாண்டிக் கூட்டத்தைக் கிறங்கடித்தான். மைல் ஓட்டத்தில் பினாங்குச் சீனப் பையன் ஒருவன் கடைசி வரை நொண்டிக்கொண்டே வந்து, நூலை அறுத்துவிட்டு, அப்படியே மண்ணில் சாய்ந்தான். தடை ஓட்டத்தில் பேராக்கு முதலாவது. குண்டு எறிவதிலும் பேராக்குதான். இப்படி மாறி மாறி ஏறிச் சாயங்காலத்துக்குள் இரண்டு பள்ளியும் சமமாக வந்து நின்றன. பாக்கி இருந்தது ரிலே ஒன்றுதான். அதை ஜெயிக்கிறவர்களுக்குக் கேடயம்.

காலையில் நடந்த தகுதி ஓட்டத்தில் அலாவுதீனின் அணி எல்லாரையும் பின்னால் விட்டுவிட்டு முதலாவதாக வந்திருந்தது. மணிக்கட்டில் அந்தத் தட்டும் விழுந்தது. அதற்குப் பிறகு அய்யாக்கண்ணு அங்சானா மரத்தடியில் படுத்தவன்தான். கடைசி ஓட்டத்துக்கு அழைக்க அலாவுதீன் போனபோது, அவன் உதடு நீலம் பாரித்திருந்தது. மார்பு ஏறி இறங்குகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது.

"டேய், எந்திரி. நேரமாச்சு."

கண்ணைத் திறந்தான். "காலையில ஓட்டம் எப்ப ஆரம்பிக்கும்ணே?"

அலாவுதீன் அவன் பக்கத்தில் மண்டியிட்டான். "அது முடிஞ்சுதுடா. நாமதான் ஜெயிச்சோம்."

"நான் ஓடுனேனா?" என்று கேட்டான் பையன். கேட்டுவிட்டு, யாரோ தூக்கி நிறுத்தியதுபோல ஒரே வீச்சில் எழுந்து நின்றான். வளைவுப் பக்கம் நடந்தான். வலது கால் அழுத்தமாகப் பதிந்தது.

அலாவுதீன் மாஸ்டரிடம் ஓடினான். "சார், அவன் வேணாம் சார். அவனுக்கு முடியல. வேற யாரையாவது போடுங்க."

"வெளயாடுறியா? காலையில எப்படி ஓடுனான்னு நீ பாக்கல?" மாஸ்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆமா, நீ எங்க பாத்த? நீதான் திரும்பியே பாக்க மாட்டியே. போ, போயி ஒன் எடத்துல நில்லு."

நின்றான். துப்பாக்கி வெடித்தது. முதல் ஆள் ஓடினான், இரண்டாம் ஆளிடம் கோல் போனது, பேராக்குக்காரன் ஓரடி முன்னால் இருந்தான். இரண்டாவது ஆளிடமிருந்து மூன்றாவது ஆள் வாங்கியதைக் கூட்டத்தின் கத்தலில் இருந்து தெரிந்துகொண்டான். அவன் முன்னே பார்த்தபடி நின்றான். எதிரே வெள்ளைக் கோடுகள், அதன் முடிவில் கட்டிய நூல், அதற்கு அப்பால் மேஜைமேல் கேடயம் வெயிலில் மின்னியது.

காலடி வந்தது. பக்கத்துக் கோடுகளில் ஓடி வருகிறவர்கள் எல்லாம் நாய் இரைப்பதுபோல இரைத்துக்கொண்டு வந்தார்கள். அவன் முதுகுக்குப் பின்னால் வந்ததில் மூச்சே இல்லை. வெறும் கால்தான் வந்தது. இத்தனை நாளும் இதைக் கேட்காமல் எப்படி இருந்தோம் என்று அவனுக்கு உடம்பு சிலிர்த்தது. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரு தாயிடம் சொல்லியிருந்தான். சொல்லிவிட்டு ஒரு நாள்கூடப் பார்க்கவில்லை.

அவன் திரும்பினான்.

அய்யாக்கண்ணுவின் கண்கள் மூடியிருந்தன. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. தூங்கிவிட்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு யாரோ ஓடி வந்தால் அந்தப் பிள்ளையின் தலை எப்படி ஆடுமோ அப்படி ஆடியது. கால்கள் மட்டும் புல்லை மிதித்துப் பாய்ந்து வந்தன. கோல் பிடித்த கை முன்னால் நீண்டது. அசையாத உதட்டிலிருந்து சேகரின் குரல், பழைய உற்சாகம் கொஞ்சமும் குறையாமல், "இந்தா!" என்றது.

எவ்வளவு ஆசையாக இருந்தது அந்தக் குரலைக் கேட்க! அலாவுதீனின் கை அவனை மீறி எழுந்தது. அதை இழுத்து மார்போடு கட்டிக்கொண்டான்.

"சேகரு," என்றான். "நீ செத்துப் போயிட்டடா. விஷக்காய்ச்சல்ல செத்துப் போயிட்ட. நான் கூப்பிட்டது தப்பு. தம்பிய விட்டுட்டு நீ போ."

கால்கள் நின்றன. மூடிய கண்களோடு அந்த முகம் அவனை நோக்கி நிமிர்ந்தது. கேட்டதை நம்ப முடியாத முகம் அது. அலாவுதீன் அதை இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது. சொல்லும்போது வாய்விட்டு அழுதான். கோல் நழுவிப் புல்லில் விழுந்தது. கடல் பக்கமிருந்து ஒரு காற்றும் வரவில்லை; ஆனாலும் அவனுக்கும் பையனுக்கும் நடுவில் இருந்து ஏதோ ஒன்று விலகிப் போனது அவனுக்குத் தெரிந்தது. அய்யாக்கண்ணு அப்படியே அவன்மேல் சரிந்தான்.

பேராக்குக்காரன் எப்போதோ நூலை அறுத்துவிட்டான். பினாங்குக் கூட்டம் ஊளையிட்டது. மாஸ்டர் மூச்சிரைக்க ஓடி வந்து, "கோல வாங்காம நின்னு பேசுறியா? பைத்தியமா ஒனக்கு?" என்று பாடாங் முழுக்கக் கேட்கக் கத்தினார். என்னவென்று சொல்வது? யாருக்குச் சொல்வது? மடியில் கிடந்தவனின் மார்பில் அலாவுதீன் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மார்பு தூக்கித் தூக்கிப் போட்டது. பையன் வெள்ளமாக வியர்த்து, இருமி, பேந்தப் பேந்த விழித்தான். அலாவுதீனுக்கு உயிர் வந்தது.

பேண்டு வாத்தியம் ஜெயித்தவர்களுக்காக முழங்கத் தொடங்கிய பிறகுதான் அய்யாக்கண்ணு பேசினான்.

"ஏண்ணே எங்க அண்ணனப் போகச் சொன்னீங்க?"

அலாவுதீன் அவனையே பார்த்தான். "ஒனக்குத் தெரியுமா?"

"மொத நாளே தெரியும். சும்மா ஞாபகமில்லன்னு சொன்னேன். அப்புறம் நெஜமாவே ஞாபகம் போக ஆரம்பிச்சிருச்சு."

"அவன் ஒன்னையும் கூட்டிக்கிட்டுப் போயிருப்பான்டா!"

"போகட்டும்னுதான் விட்டேன்." பையன் அழவில்லை. அதுதான் கேட்கச் சகிக்கவில்லை. "நான் ஓடுனா நீங்க திட்டுவீங்க. அவன் ஓடுனா சிரிப்பீங்க. அவன் நடையில படியேறுனா அம்மா வாசலுக்கே ஓடி வருவாங்க. நானா போனா தையல் மெஷின விட்டுத் தல நிமிர மாட்டாங்க. யாருக்கு வேணும்ணே என்னைய?"

எனக்கு வேணும்டா என்று அலாவுதீன் சொல்லலாம். சொன்னால் அது பொய் என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஒரு தடவையாவது இந்தப் பையனை இவனுக்காக ஏறெடுத்துப் பார்த்தோமா என்று யோசித்தான். இல்லை. தன்மேல் அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

பையனைத் தோளில் தாங்கிக்கொண்டு பாடாங்கை விட்டு வெளியே வந்தான். ரிக்‌ஷா கூப்பிட்டான், பையன் நடந்தே வருகிறேன் என்றான். இரண்டு பேரும் மெல்ல நடந்தார்கள். அய்யாக்கண்ணுவின் கால் இரண்டும் ஒரே மாதிரி, களைத்துப்போய், தரையைத் தேய்த்துக்கொண்டு வந்தன. ஆர்கைல் ரோடு வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. மாடியில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. படியேறுவதற்கு முன் பையன் ஒரு நிமிஷம் தயங்கினான். அலாவுதீன் அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, தெருவில் நின்றபடியே உரக்கக் கூப்பிட்டான்.

"அம்மா! அய்யாக்கண்ணு வந்திருக்கான்!"

மெஷின் நின்றது. வாசலுக்கு யாரும் வரவில்லை. படியின் மேலே, இருட்டிலிருந்து, அவள் குரல் மட்டும் வந்தது.

"தனியாவா வந்திருக்கான்?"

"ஆமாம்மா," என்றான் அலாவுதீன். "தனியாத்தான் வந்திருக்கான்."